வெள்ளையாகத் தெரிந்த வில்

ஆகஸ்ட் 3

குருவிக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கலாமா என்று யோசித்தேன். இருபத்தெட்டு வருடம் எழுதாமல் இருந்துவிட்டுத் திடீரென்று அன்பைப் போட்டால் நீயே சிரிப்பாய். உன் முகவரியை என் மகள் கொடுத்தாள். அத்தையும் மருமகளும் எனக்குத் தெரியாமல் பேசிக்கொள்வதாக இருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும்.

நான் நலம். முழங்கால் மட்டும் படி ஏறும்போது முணுமுணுக்கிறது. உன் அண்ணன் போய் ஒன்பது வருடம் ஆகிறது. இறுதிச் சடங்குக்கு வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் நீ போனதும் நினைவிருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நினைவிருக்கிறது என்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பல் டாக்டரிடம் போனேன். காத்திருந்தபோது ஒரு பத்திரிகையைப் புரட்டினேன். அதில் இரவில் ஒரு அருவி, மேலே நட்சத்திரங்கள், அருவியின் குறுக்கே வண்ண வில். கீழே ‘நிலா வெளிச்சத்தில் தோன்றும் வானவில்’ என்று போட்டிருந்தது. உள்ளே கூப்பிட்டார்கள். எனக்குக் கேட்கவில்லை. வரவேற்பில் இருந்த பெண் வந்து தோளைத் தொட்டு, “அம்மா, பயமா இருக்கா? ஊசி வலிக்காது” என்றாள்.

நடந்ததைச் சரியாக வைத்துக்கொள்வோம். நீ ஒரு அருவிக்குப் போய் இதே மாதிரி ஒரு படம் எடுத்தாய். பிலிம் ரோல் வெளியூர் லேபுக்குப் போனது. பிரிண்ட் தபாலில் உன் அண்ணன் நடத்திய ஸ்டுடியோவுக்கு வந்தது. பார்சலைப் பிரித்து, தூசிப் புள்ளிகளை மையால் அடைத்து, அட்டையில் ஒட்டியது நான். நீ காய்ச்சலாகப் படுத்திருந்தாய். புகைப்படச் சங்கத்தின் கண்காட்சியில் நடுவர் என்னைக் கேட்டார்: “நீங்க இருபது வருஷமா போட்டோவுக்குக் கலர் பூசுறவங்க. இது எப்படிம்மா சாத்தியம்?” சாத்தியமில்லை என்றேன். பகல் வானவில்லையும் இரவு அருவியையும் ஒரே பிலிமில் இரண்டு முறை எடுத்திருக்கிறாள் என்றேன். மண்டபமே கேட்டது. நெகட்டிவைக் காட்டச் சொன்னார்கள். நீ காட்டவில்லை. படத்தை இறக்கினார்கள். மறு வாரம் நீ வீட்டை விட்டுப் போனாய்.

நான் நினைத்ததைச் சொன்னேன். சொந்தக்காரி என்பதற்காகப் பொய் சொல்ல எனக்கு வராது. ஆனால் நான் நினைத்தது தவறாக இருந்தால், அதையும் நான்தான் சொல்ல வேண்டும். பத்திரிகைப் படம் சாட்சி ஆகாது. இப்போது கணினியில் யானைக்கும் இறக்கை வைக்கிறார்கள். என் கண்ணால் பார்க்க வேண்டும். எந்த அருவி, எந்த நேரம், எப்படி என்று எழுது.

உன் அண்ணனின் மனைவி

---

ஆகஸ்ட் 12

அன்புள்ள அண்ணிக்கு,

நான் அன்பைப் போட்டுவிட்டேன். எனக்குக் கூச்சம் கிடையாது.

உங்கள் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்கள் அளவுகோல் வைத்துச் சொல்லித்தந்த அதே எழுத்து, ஒன்றுகூடக் கோட்டை விட்டு இறங்கவில்லை.

நானும் நலம். ஸ்டுடியோவை விட்டு வந்தபின் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவளாகச் சேர்ந்தேன். போன வருடம் ஓய்வு. இருபத்தேழு வருடம் எலும்பைப் படம் எடுத்தேன். எலும்பை யாரும் பொய் என்று சொல்வதில்லை.

அண்ணி, எழுபத்து நாலு வயதில் இருட்டில் பாறைமேல் ஏறப் போகிறீர்களா? மன்னிப்புக் கேட்பதைவிட அதுதான் உங்களுக்குச் சுலபமாக இருக்கிறது, பாருங்கள்!

சரி. அணைக்கட்டுக்கு மேலே இருக்கிற பெரிய அருவி. அது கிழக்கே பார்த்து விழுவதால்தான் அங்கே போனேன். பௌர்ணமி அன்று போங்கள்; முன்னால் ஒரு நாள், பின்னால் ஒரு நாள் என்றாலும் பரவாயில்லை. சாரல் நன்றாக எழும்ப வேண்டும். நிலா உங்கள் முதுகுக்குப் பின்னால், அருவி முகத்துக்கு நேரே. நிலா தாழ்வாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். நிலா ஏற ஏற வில் இறங்கும். பாதி வானம் ஏறிவிட்டால் வில்லே இருக்காது. எனவே ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, நானூறு வேக பிலிம் போட்டு, லென்ஸை முழுக்கத் திறந்து, இரண்டு நிமிடம் விடுங்கள். அண்ணனின் பழைய கேமரா போதும்.

வேறு ஒன்றும் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் நம்புவீர்களா என்ன?

குருவி

---

செப்டம்பர் 20

குருவிக்கு,

நீ சொன்ன அருவிக்கு நேற்று முன்தினம் போய் வந்தேன். வில் இல்லை.

அணைக்கட்டுச் சாலையில் ஜீப் ஓட்டும் ஒருவரை ஏற்பாடு செய்தேன். ஐம்பது வயது இருக்கும். வாய் ஓயாது. “பாட்டி, இந்நேரத்துல அருவியில என்ன வேலை?” என்றார். யாருக்குப் பாட்டி என்று கேட்டேன். அதன்பின் ‘மேடம்’ ஆனேன். ஸ்டாண்டை அவர் தூக்கினார். கேமராவை நான் யாரிடமும் கொடுக்கவில்லை.

பௌர்ணமிதான். மேகம் இல்லை. சாரல் மூக்குக்கண்ணாடியை நனைக்கும் அளவுக்கு இருந்தது. பன்னிரண்டு மணியிலிருந்து ஒன்றரை மணிவரை நின்றேன். அருவி இருந்தது, நிலா இருந்தது, ஜீப்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். வில் மட்டும் இல்லை.

உன் அண்ணனின் மனைவி

---

செப்டம்பர் 27

அன்புள்ள அண்ணி,

பன்னிரண்டு மணியா? ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் என்று எழுதினேனே! இருட்டு அதிகமானால் நன்றாகத் தெரியும் என்று நீங்களாகவே முடிவுகட்டிவிட்டீர்கள், அப்படித்தானே? நடுராத்திரியில் பௌர்ணமி நிலா உச்சந்தலைக்கு மேல் நிற்கும். வில்லுக்கு அப்போது இடமே இல்லை.

அண்ணன் இருந்திருந்தால் “அவ கேள்வி கேப்பா, ஆனா பதிலைக் கேக்க மாட்டா” என்றிருப்பார்.

அடுத்த பௌர்ணமி அக்டோபர் 17. சாயங்காலமே போய் இருங்கள். கம்பளிச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். நனைந்த பாறையில் செருப்போடு நிற்காதீர்கள்.

குருவி

---

அக்டோபர் 18

குருவிக்கு,

பார்த்தேன். இதை அந்த இடத்திலிருந்து வந்த ஈரம் காய்வதற்குள் எழுதுகிறேன்.

ஆறரைக்கே போய்விட்டோம். ஜீப்காரர் பாறையைத் துணியால் துடைத்து, “மேடம், மகாராணி மாதிரி உக்காருங்க” என்றார். அருவிக்கு முன்னால் பேச்சு எடுபடாது. அவர் கத்தித்தான் சொன்னார். முதலில் வெறும் இருட்டும் இரைச்சலும்தான். அருவி எங்கே தொடங்குகிறது என்றுகூடத் தெரியவில்லை. பிறகு முதுகுப்பக்கம் மரங்களுக்கு மேலே நிலா வந்தது. முதலில் அருவியின் உச்சி வெளுத்தது. அந்த வெளுப்பு மெள்ள மெள்ளக் கீழே இறங்கியது, யாரோ மேலிருந்து ஒரு திரையை அவிழ்த்துவிடுகிற மாதிரி. கடைசியில் என் கை எனக்குத் தெரிந்தது. என் மோதிரம் தெரிந்தது.

எட்டு மணிக்குச் சற்று முன் காற்று திரும்பியது. சாரல் புகை மாதிரி எழுந்து எங்கள் பக்கம் வந்தது. அப்போது அது நின்றது. ‘வந்தது’ என்று எழுத மாட்டேன். வந்ததை நான் பார்க்கவில்லை, பார்த்தபோது நின்றுகொண்டிருந்தது. இடப்பக்கப் பாறையிலிருந்து வலப்பக்கக் காட்டுக்கு ஒரே வளைவு. காம்பஸ் வைத்துப் போட்டாலும் அவ்வளவு சுத்தமாக வராது. கீழே தண்ணீர் அப்படி விழுந்து உடைந்து தெறித்துக்கொண்டிருக்கிறது, அதன் மேல் அது கொஞ்சம்கூட ஆடாமல் நிற்கிறது. நான் இடது பக்கம் இரண்டு அடி நகர்ந்தேன். அதுவும் என்னோடு நகர்ந்தது. நான் நின்றேன், நின்றது.

குருவி, நான் சட்டென்று நெகிழ்கிறவள் இல்லை. உனக்குத் தெரியும். உன் அண்ணன் போனபோதுகூட வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்தவள். நேற்று எழுந்து நின்றேன். பெரியவர்கள் உள்ளே வரும்போது நிற்பது மாதிரி. ஏன் என்று தெரியாது. ஜீப்காரரும் நின்றார். வாய் ஓயாத மனிதர், பாறை துடைத்த துணியைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்து, “மேடம், இது இங்கயேதான் இருந்துச்சா? நான் இருபது வருஷமா இந்த ரோட்டுல ஓட்டுறேனே” என்றார்.

எனவே இதை ஒப்புக்கொள்கிறேன்: நிலா வெளிச்சத்திலும் வில் உண்டு. அது எனக்குத் தெரியாது.

ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி எழுத வேண்டும். அது வெள்ளை. தலைமுதல் கால்வரை வெள்ளை. சிவப்பும் இல்லை, ஊதாவும் இல்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஜீப்காரரைக் கேட்டேன். “சுண்ணாம்புக் கோடு மாதிரி இருக்குங்க” என்றார். உன் படத்தில் ஏழு நிறமும் இருந்தன. அந்த நிறம் இந்த வில்லில் இல்லை. நீ வில்லைப் பார்த்திருக்கிறாய், சந்தேகமில்லை. வண்ணம் வேறு எங்கிருந்தோ வந்தது. அன்று நான் சொன்னது அப்படியே நிற்கிறது.

நீ சொன்னபடி நான்கு படம் எடுத்திருக்கிறேன். வெள்ளை வில்தான் வரப்போகிறது. இருந்தாலும் லேபுக்குக் கொடுக்கிறேன்.

இந்தக் கடிதத்தை இப்போதே தபாலில் சேர்க்கிறேன்.

உன் அண்ணனின் மனைவி

---

அக்டோபர் 31

அன்புள்ள குருவி,

என் போன கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும். கிடைக்காமல் தொலைந்திருக்கக் கூடாதா என்று ஒருநாள் முழுவதும் ஆசைப்பட்டேன். நம் தபால்காரர் தொலைக்கவேண்டியதைத் தொலைப்பதில்லை.

லேபுக்கு நானே போனேன். ரோலை நான் மாட்டினேன், நான் கழற்றினேன், கழுவி அச்சிட்டு முடியும்வரை அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். லேப்காரர் சங்கடப்பட்டார். “நம்பிக்கை இல்லையாம்மா?” என்றார். பழக்கமில்லை என்றேன்.

முதல் பிரிண்ட்டை என் கையில் கொடுத்தார். வெளிப்பக்கம் சிவப்பு. அடுத்து ஆரஞ்சு, மஞ்சள், பச்சை. உள்பக்கம் ஊதா, அது கரைந்து பாறையில் கலக்கிறது. மேலே நட்சத்திரங்கள் புள்ளியாக இல்லாமல் சின்னக் கோடுகளாக இழுபட்டிருக்கின்றன. இரண்டு நிமிடத்தில் வானம் நகர்ந்திருக்கிறது. நான் பூதக்கண்ணாடி கேட்டேன். முப்பது வருடம் வண்ணம் பூசியவள், தூரிகையின் தடத்தைத் தேடினேன். நான் எடுத்த படத்தில் நானே தேடினேன்! இல்லை. எல்லாம் ஒளிதான்.

லேப்காரர் விளக்கினார். அவ்வளவு மங்கலான வெளிச்சத்தில் நம் கண் வடிவத்தைப் பிடிக்கும், நிறத்தைப் பிடிக்காதாம். பிலிம் இரண்டு நிமிடம் சேர்த்துச் சேர்த்து வைத்துக்கொள்வதால் அதற்குத் தெரிகிறதாம். அப்படியானால், குருவி, அன்று இரவு நான் அந்தப் பாறைமேல் நின்று வெள்ளை வெள்ளை என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அத்தனை நிறமும் என் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தன. அதை நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். இந்தப் பக்கத்தில் எழுத்து கோட்டை விட்டு இறங்கியிருந்தால் அதுதான் காரணம்.

நீ பொய் சொல்லவில்லை. இரண்டு முறை எடுக்கவில்லை. நான் சொன்னது தவறு. மண்டபம் நிறைய ஆட்கள் இருக்கும்போது சொன்னேன். எனவே உனக்கு மட்டும் எழுதிவிட்டு விட முடியாது. சங்கத்தின் செயலாளருக்கும் எழுதியிருக்கிறேன், ஆண்டுக் கூட்டத்தில் என் கடிதத்தைப் படிக்கும்படி.

என்னை மன்னிப்பாயா என்று கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

அண்ணி

---

நவம்பர் 8

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு கடிதமும் வந்தன. முதல் கடிதத்துக்கு நான் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஏன் என்று இப்போது சொல்கிறேன். இதைச் சொல்லாமல் உங்கள் மன்னிப்பை வாங்கிக்கொண்டால் நான் மனுஷியே இல்லை.

அண்ணி, அந்த இரவு நானும் வெள்ளையாகத்தான் பார்த்தேன்.

சுண்ணாம்புக் கோடு. உங்கள் ஜீப்காரர் சொன்ன அதே கோடு. அதைப் பார்த்துவிட்டு, நனைந்து, காய்ச்சலோடு வந்து படுத்தேன். பிரிண்ட் வந்ததை நான் பார்க்கவில்லை. கண்காட்சிக்கு எழுந்து வந்து சுவரில்தான் முதலில் பார்த்தேன். ஏழு நிறம்! என் வில்லில் நிறமே இல்லையே? நடுவில் அந்தப் படம் யார் கையில் இருந்தது? உங்கள் கையில். உங்கள் மேசையில், உங்கள் வண்ணக் கிண்ணங்களுக்குப் பக்கத்தில். எந்தக் கல்யாணப் பெண்ணின் படம் வந்தாலும் கன்னத்தில் ரோஜா நிறம் வைக்காமல் விடமாட்டீர்களே. ‘பாவம், வெறும் வெள்ளையாக இருக்கிறதே’ என்று அண்ணி பூசிவிட்டார் என்று நினைத்தேன். நடுவர் கேட்டதும் பயந்து பழியை என் மேல் போட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

நெகட்டிவை ஏன் கொடுக்கவில்லை தெரியுமா? கொடுத்தால் அச்சிட்டுப் பார்ப்பார்கள். அச்சிட்டால் வெள்ளை வில் வரும். சுவரில் இருப்பது பூசியது என்று நிரூபணமாகிவிடும். அதற்குப்பின் ஸ்டுடியோவின் பெயரும் அண்ணனின் பெயரும் என்ன ஆகும்? அந்த எண்ணத்தில் நெகட்டிவை அன்றே துண்டு துண்டாக வெட்டிப் போட்டேன். என்னைக் காப்பாற்ற இருந்த ஒரே சாட்சியை, உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நானே வெட்டினேன்.

ஊரை விட்டுக் கிளம்பிய அன்று பஸ் நிலையத்தில் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். “உன் பெண்டாட்டிதான் பூசினா. பூசிட்டு என்னை மாட்டிவிட்டா” என்று. அந்த வார்த்தைகளே.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஆறாவது வருடம் மறுபடி அருவிக்குப் போனேன். வேறு ஊர் லேபில் கொடுத்தேன். பிரிண்ட் வந்தது. ஏழு நிறம். இருநூறு மைலுக்குள் நீங்கள் இல்லை. லேப் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். போகிற வருகிறவர்கள் தாண்டிப் போனார்கள்.

அன்றே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் எழுத நினைத்தேன். வெட்கம். அப்புறம் அது பழகிவிட்டது. ஆகஸ்டில் நீங்கள் எழுதியபோதும், கண்ணுக்கு வெள்ளையாகத்தான் தெரியும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் விழுந்த அதே குழியில் நீங்களும் ஒரு முறை விழுந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அது அல்பத்தனம். நீங்கள் எழுந்து பதின்மூன்றே நாளில் மன்னிப்புக் கேட்டுவிட்டீர்கள். எனக்கு இருபத்திரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

குருவி

---

நவம்பர் 12

குருவிக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். நீ என்னைப் பற்றி நினைத்ததை நான் தாங்கிக்கொள்வேன். நானும் உன்னைப் பற்றி நினைத்தவள்தான்.

ஒன்றே ஒன்றுக்குப் பதில் எழுது. பஸ் நிலையத்துக்குப் போய்விட்டு அன்று அவர் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டார். செய்தித்தாள் படித்தார். அதற்குப்பின் பத்தொன்பது வருடம் என்னோடு இருந்தார். நீ சொன்னதை ஒரு நாளும் என்னிடம் கேட்கவில்லை. ஆறாவது வருடம் உனக்கு உண்மை தெரிந்ததே, அவரிடம் திருத்திச் சொன்னாயா? இல்லை, நான் அடுத்தவள் படத்தில் கைவைத்துவிட்டுப் பழியையும் அவள் மேல் போட்டவள் என்று நினைத்துக்கொண்டே அவர் போனாரா?

மழுப்பாமல் எழுது.

அண்ணி

---

நவம்பர் 19

அன்புள்ள அண்ணிக்கு,

திருத்திச் சொல்லவில்லை. அது என் குற்றம், அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அண்ணன் அப்படி நினைத்துக்கொண்டு போகவில்லை. அதைப் போன கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். என் தப்பைச் சொல்லும்போதே உங்களுக்கு இனிப்பானதையும் சொல்லித் தப்பித்துக்கொள்கிற மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. அண்ணன் ஜன்னலுக்கு வெளியே என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் அதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசாதவர், சிரித்தார்.

“லூசு. உன் அண்ணி பூசியிருந்தா, பூசினதே யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நடுவர் வந்து கேக்குற மாதிரியா அவ கை இருக்கும்?”

“அப்ப நான்தான் பொய் சொல்றேனா?” என்றேன்.

“நீயும் சொல்லல. அவளும் சொல்லல. எனக்குத்தான் ஒண்ணும் புரியல” என்றார். பையை உள்ளே கொடுத்தார். “அவகிட்ட இதைச் சொல்ல மாட்டேன். சொன்னா தூரிகையையே தூக்கிப் போட்டுடுவா. அந்தக் கை சும்மா இருக்கக் கூடாது” என்றார். பஸ் நகர்ந்துவிட்டது.

இதில் ஒரு வார்த்தைகூட நான் பூசவில்லை.

குருவி

---

நவம்பர் 24

அன்புள்ள குருவி,

உன் கடிதத்தை நான்கு முறை படித்துவிட்டு அலமாரியில் வைத்தேன். பிறகு எடுத்து ஐந்தாம் முறை படித்தேன்.

முப்பது வருடம் அவர் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை செய்தேன். முடித்த படத்தை அவர் முன்னால் வைத்தால், “ம், காயட்டும்” என்பார். வேறு எதுவும் சொன்னதில்லை. நன்றாக இருக்கிறதா என்று கேட்க எனக்கும் வாய் வந்ததில்லை. பஸ் நிலையத்தில், என் முதுகுக்குப் பின்னால், உன்னோடு சண்டை போட்டுக்கொண்டு சொல்லியிருக்கிறார் மனிதர். அதுவும் இருபத்தெட்டு வருடம் சுற்றிக்கொண்டு வந்து சேர்கிறது.

நீ என்னைவிட நீண்ட நாள் சும்மா இருந்துவிட்டாய். அதை நான் இல்லை என்று சொல்லப் போவதில்லை. ஆனால் கணக்குப் பார்க்க எனக்கு இப்போது மனம் இல்லை.

சங்கத்துச் செயலாளர் பதில் போட்டிருக்கிறார். இளைஞர், மரியாதையானவர். ‘தாங்கள் குறிப்பிடும் படம் எது என்று இங்கு யாருக்கும் தெரியவில்லை; நடுவராக இருந்தவரும் இப்போது இல்லை’ என்று எழுதியிருக்கிறார். அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் அதை நினைத்துக்கொண்டிருந்தது நீயும் நானும் மட்டும்தான் போலிருக்கிறது. இருந்தாலும் கூட்டத்தில் படிக்கத்தான் வேண்டும் என்று மறுபடி எழுதிவிட்டேன்.

டிசம்பர் 15 பௌர்ணமி. ஜீப்காரரிடம் சொல்லியாகிவிட்டது. தன் மனைவியையும் அழைத்து வரட்டுமா என்று கேட்டார், வரட்டும் என்றேன். நீ அணைக்கட்டுப் பாலத்தில் ஐந்து மணிக்கு நில். காலதாமதம் எனக்குப் பிடிக்காது. பிலிம் கொண்டு வராதே. நிறத்தை இரண்டு பேரும் பார்த்தாகிவிட்டது. அந்த வெள்ளையை நாம் சேர்ந்து பார்க்கவில்லை.

கம்பளிச் சட்டை போட்டுக்கொள். உனக்குப் பனி ஒத்துக்கொள்ளாது.

அண்ணி